இரண்டாங்கிளாஸ் சூரியகாந்திகள்

சொக்கலிங்கபேட்டை அன்னை செவத்தம்மாள் நர்சரி பள்ளியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரேயர் முடிந்து பிள்ளைகள் எல்லாம் உள்ளே போனபிறகு, இரண்டாங்கிளாஸ் ஜெபக்கனி மிஸ் கையில் டஸ்டரோடு வராந்தாவின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு நடந்தாள். கட்டைச்சுவரின்மேல், பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில்களில் மணல் ரொப்பி நட்டு வைத்திருந்த பேப்பர் பிளேட் சூரியகாந்திகளில் முக்கால்வாசி, அவள் நடக்க நடக்கக் கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்தன. சாக்பீஸ் எடுக்க மறந்தது ஞாபகம் வந்து அவள் மேற்கே திரும்பினாள். பூக்களும் மேற்கே திரும்பின. வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா சந்தனமாரி விளக்குமாற்றை ஊன்றி நின்று, போகும்போது ஒருதரமும் வரும்போது ஒருதரமும் இதைப் பார்த்துவிட்டு, மணல் சரியாக ரொப்பவில்லை, பூ ஆடுகிறது என்றாள். ஜெபக்கனி மிஸ் நின்று பார்த்தாள். மணல் நன்றாகத்தான் இருக்கிறது, எதிர்த்த கடைக்காரர் விற்கிற பசை சரியில்லை, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மூன்றாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள்.

அவள் பழி போட்ட கடைக்காரர் சுடலைமணி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே, மாவு மில்லுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்த மணி பேன்சி ஸ்டோர் அவனுடையது. வளையல், ஹேர்பின், பிளாஸ்டிக் பூ, பிறந்தநாள் தொப்பி என்று முன்பக்கம் தொங்கியதெல்லாம் சும்மா கண்துடைப்புக்கு. உண்மையான கடை பின்பக்கத் திரைக்குப் பின்னால் இருந்தது. அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் அந்த ஊர்ப் பிள்ளைகளின் புராஜெக்டுகளை எல்லாம் அவன் செய்தான். தெர்மாகோல் எரிமலை, தீக்குச்சிக் கோபுரம், பந்து பந்தாகத் தொங்கும் சூரியக் குடும்பம், திறந்து மூடும் பல்செட்டு, எதுவானாலும் முந்தின நாள் சாயந்தரம் சொன்னால் போதும். புராஜெக்டைப் பிள்ளைகளேதான் செய்ய வேண்டும், பெற்றோர் தொடவே கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் சட்டம். ஊரே அந்தச் சட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, ஊரே சாயந்தரமானால் சுடலைமணி கடைக்கும் வந்தது. வந்த இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால் ஹேர்பின் வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள், மீசை வைத்த அப்பாமார் உட்பட.

நன்றாகச் செய்வது அவனுக்குப் பெரிய காரியமில்லை. நன்றாகச் செய்ததைப் பிள்ளை செய்ததுபோலக் கெடுப்பதுதான் தொழில். அஞ்சாங்கிளாஸுக்கு வலது கையால் செய்வான்; இரண்டாங்கிளாஸுக்கு இடது கையால்; எல்.கே.ஜி. என்றால் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால். சம்பந்தமில்லாத இடத்தில் பசையை வழிய விடுவான், ஓரத்தில் கட்டைவிரல் ரேகை ஒன்று பதிப்பான், பிள்ளை கொஞ்சம் சேட்டைக்கார ஜாதி என்றால் பின்பக்கம் ஒரு பிஸ்கட் துணுக்கும் ஒட்டிக் கொடுப்பான். ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் எல்லாரும் ஏமாந்தார்கள். ஜெபக்கனி மிஸ் மட்டும் ஏமாறவில்லை.

அவள் வருஷத்துக்கு மூன்று நாலு தடவை ரோட்டைக் கடந்து வந்து, கல்லா முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டுவாள். அவனால்தான் இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் கத்திரி பிடிக்கத் தெரியவில்லை, அவனால்தான் ஏழு வயதுப் பிள்ளைகள் எரிமலையைத் தூக்கிக்கொண்டு வந்து எரிமலை என்றால் என்ன மிஸ் என்று கேட்கின்றன என்பாள். சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டு சரிங்க மிஸ், சரிங்க மிஸ் என்பான். முதல் வருஷம் அவனுக்குக் கோபம் வந்தது. அடுத்த வருஷம் பயம் வந்தது. அதற்கடுத்த வருஷத்திலிருந்து, எப்போது வந்து திட்டுவாள் என்று காத்திருக்க ஆரம்பித்தான். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, பெண் பார்த்துப் பார்த்து வீட்டிலும் ஓய்ந்துவிட்டார்கள். அவள் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவன் பெயரைச் சொன்னாலே எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று தெரிந்துவிடும். ஆகவே அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவளைக் கடைக்கு வரவழைப்பதற்கென்றே சில புராஜெக்டுகளை வேண்டுமென்று கொஞ்சம் நன்றாகச் செய்து அனுப்புவான், அவ்வளவுதான் அவன் காதல்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரோபோ வகுப்பு ஆரம்பித்தார்கள். நம்முடைய பள்ளிக்கூடத்துத் தாளாளர் பாக்கியமுத்து, ரைஸ் மில்லை விற்றுவிட்டுக் கல்விச் சேவைக்கு வந்தவர். தாயார் பெயரைப் பள்ளிக்கும் தன்னுடைய படத்தைப் பள்ளி ஹாலுக்கும் கொடுத்தவர். காந்தி படத்தைவிட ஒரு சாண் பெரிதாக, மாலை ஒன்றுதான் குறையாக, அந்தப் படம் ஹாலில் தொங்கியது. ரோபோ வாங்கக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்ட தாளாளர், உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள் மாதம் என்று ஒன்றை அறிவித்து, வகுப்புக்கு ஓர் ஓவியரைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஓவியர்கள் செத்துப்போனவர்கள், சம்பளம் கேட்கமாட்டார்கள்.

சுடலைமணி யூடியூபில் ஓவியர்களைப் படித்தான். நாலாங்கிளாஸுக்கு விழுந்த மாண்ட்ரியன் தங்கமான மனுஷனாகத் தெரிந்தார்: ஒரு வெள்ளை அட்டை, கறுப்பு இன்சுலேஷன் டேப், மூன்று கலர், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. சிவப்புக் கட்டம் ஏன் நீலக் கட்டத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, எந்தக் கட்சிக்காரன் சொல்லிச் செய்தாய் என்று கேட்டுத்தான் நாலைந்து பேர் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்றாங்கிளாஸுக்கு விழுந்த பிக்காஸோ அதைவிடத் தங்கம், எப்படி வெட்டினாலும் சரியாக வந்தது. கண் இரண்டும் ஒரே பக்கம் இருக்கிறதே அண்ணாச்சி என்று கலங்கிய மதினியிடம், அப்படி இருந்தால்தான் ஸ்டார் போடுவார்கள் என்று சொல்லி அனுப்பினான். வான்கோதான் ஊரைப் படுத்தி எடுத்தார். மாறுவேடப் போட்டிக்கு மகனை, தன் காதைத் தானே அறுத்துக்கொண்ட வான்கோவாக்கி, ஒரு காதைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார் லாரி செட் முதலாளி ஒருவர். வழியில் பிள்ளையைப் பார்த்த தாய்மாமன், தன்னைக் கூப்பிடாமல் தன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்திவிட்டார்கள் என்று சாயந்தரமே ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வான்கோவின் சூரியகாந்திதான் இரண்டாங்கிளாஸுக்கு. வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்த சாயந்தரம் ஹேர்பின் கூட்டம் அலைமோதியது. பேப்பர் பிளேட்டைச் சுற்றி மஞ்சள் காகிதத்தை மடித்து மடித்து இதழாக ஒட்டி, நடுவில் பசை தடவிக் கறுப்பு உளுந்தைக் கொட்டி, விளக்குமாற்றுக் குச்சி நாலைச் சேர்த்துக் கட்டித் தண்டாக்கி, ஒவ்வொரு பூவிலும் ஜெபக்கனி மிஸ்ஸின் ஆள்காட்டி விரல் எந்த இடத்தில் வந்து நின்று குறை சொல்லும் என்று யோசித்துக்கொண்டே, முக்கால் வகுப்புக்கு அவனே செய்து முடித்தான், இடது கையால். மீதிப் பேருக்கு வீட்டில் அம்மாவோ அப்பாவோ சித்தியோ செய்தார்கள். பிள்ளை தானே செய்தது ஒன்றே ஒன்றுதான். அது ஆட்டோக்காரர் மகள் இசக்கியம்மாளுடையது. அவள் வீட்டுப் போனில் நெட் தீர்ந்துபோயிருந்ததால் செய்தியே போய்ச் சேரவில்லை, அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்து கிடைத்த காகிதத்தைக் கிழித்து ஒட்டினாள்.

பசை சரியில்லை என்ற விளக்கம் இரண்டு நாள் தாங்கியது. அதற்குள் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டன. ஊர் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, சூரியகாந்தி என்றால் திரும்பத்தானே செய்யும் என்று சமாதானமும் ஆகிவிட்டது. எதைப் பார்த்துத் திரும்புகிறது என்பதில்தான் எல்லாருக்கும் ஆர்வம். பிள்ளைகள் யார்மேல் பிரியமாக இருக்கின்றனவோ அவர்களைப் பார்த்துப் பூ திரும்புகிறது என்று யாரோ சொன்னார்கள், உடனே எல்லாருக்கும் அது விளங்கிவிட்டது. உஷா என்கிற அம்மாவின் மகன் பூ ராத்திரி பகல் வடமேற்கையே பார்த்தது. அவள் வீட்டுக்காரன் சவூதியில் தம்மாமில் இருந்தான், அப்பாவை நினைத்துப் பிள்ளை ஏங்குகிறது என்று வந்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், உஷாவும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். ஒரு பூ பஸ் ஸ்டாண்டு பரோட்டா கடைத் திசையில் நின்றது. பிள்ளைக்கு வயிறு பத்தவில்லை என்று அதன் அம்மாவுக்கு மாமியார் வீட்டில் திட்டு விழுந்தது, அதைச் செய்த அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒரு பூ ஸ்கூல் வேன் டிரைவர் வரும்போது மட்டும் நிமிர்ந்தது. பாவம், வேன் சவாரி என்றால் அந்தப் பிள்ளைக்கு உயிர் என்று அதன் சித்தி எல்லாரிடமும் தானாகவே போய்ச் சொன்னாள். தாளாளர் பேரனுடைய பூ ஹால் பக்கம் பார்த்தது. தாத்தா உட்காரும் இடத்தைப் பார்க்கிறது என்று தாளாளர் ஊர் பூராவும் சொல்லித் திரிந்தார். இசக்கியம்மாள் பூ மட்டும் காக்காயைப் பார்த்தது, ஆயாவின் தண்ணீர் வாளியைப் பார்த்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழையைப் பார்த்தது, ஒரு நாய் போனால் நாயோடு போனது. அந்தப் பூ ரிப்பேர் என்று ஊர் ஒதுக்கிவிட்டது.

முக்கால் வகுப்பு ஜெபக்கனி மிஸ்ஸைப் பார்த்தது.

சுடலைமணி மூன்றாம் நாள் கலர் சாக்பீஸ் டப்பா கொடுக்கப் போனபோது பார்த்தான். தன் கை அவனுக்குத் தெரியாதா. அந்தப் பூ அத்தனையும் அவன் மடித்த இதழ், அவன் கொட்டிய உளுந்து. மிஸ் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள், அவன் கண்ணெதிரே அவனுடைய மனசு வரிசையாகப் பாட்டிலில் நின்று அவளைப் பார்த்துத் திரும்பியது. டப்பாவைக் கட்டைச்சுவரில் வைத்துவிட்டுச் செருப்பைப் போடாமல் ஓடிவந்துவிட்டான். சந்தேகத்துக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்தான். பசை காய்வதற்குள் அது பள்ளிக்கூடத்தைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பக்கம் பார்த்தது. சாயந்தரம் மீன் மார்க்கெட்டைப் பார்த்து, அங்கேயிருந்து மெல்ல மெல்ல அவள் வீட்டுத் தெருவுக்கு நகர்ந்தது. ஒரு பொம்பளை எங்கே போகிறாள் வருகிறாள் என்று திருட்டுத்தனமாகத் தெரிந்துகொள்வது சுடலைமணிக்கு அசிங்கமாக இருந்தது. பூவைக் கவிழ்த்து, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, மூடிமேல் எடைக்கல்லைத் தூக்கி வைத்தான். டின் உள்ளே அது சுரண்டுகிற சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. எது புதிதாக வந்தாலும் கொசுவாக இருக்கலாம் என்று நகராட்சி ஆட்கள் வந்து வராந்தா முழுக்கப் புகை அடித்து, பிள்ளைகளுக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பூசாரி வந்து பார்த்து இது நம்ம சாமி வேலை இல்லை என்றார்; பாஸ்டர் வந்து பார்த்து எங்கள் பக்கத்து வேலையும் இல்லை என்றார்; இருவரும் டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே கிளம்பினார்கள். கவுன்சிலர் மாலையோடு வந்து பூக்களுக்கு முன்னால் கும்பிட்டபடி அங்குமிங்கும் நடந்தார், ஒன்றுகூடத் திரும்பவில்லை, எதிர்க்கட்சிக்காரன் செய்த பூ என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாமார் சும்மா போகிற மாதிரி வராந்தாவில் வளையல் குலுங்க நடந்து பார்த்தார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். ஒரு அப்பா தன்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பூவின் முகத்துக்கு நேரே குச்சியில் கட்டி வைத்தார். மறுநாள் பூ போட்டோவுக்குப் பின்னால் கழுத்தை வளைத்து மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெற்ற தாயைப் பார்க்காத பூ டீச்சரைப் பார்க்கிறது என்றால் எந்த அம்மா பொறுப்பாள். முதலில் அழுதார்கள், பிறகு ஆராய்ச்சி செய்தார்கள். மிஸ் சாக்லேட் கொடுக்கிறாளாம். சாக்லேட்டில் என்னவோ கலக்கிறாளாம். கல்யாணமாகாதவள், பிள்ளை இல்லாதவள், அடுத்தவர் பிள்ளை மனசை வசியம் பண்ணி எடுத்துக்கொள்கிறாளாம். ஜெபக்கனி மிஸ்ஸுக்கு இது காதில் விழாமல் இல்லை. அவள் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள், கடைவரைக்கும் கேட்கும் அந்தச் சத்தம் இல்லாமல் சுடலைமணிக்குச் சோறு இறங்கவில்லை. வாட்ஸப் குரூப்பில் தீர்மானம் போட்டார்கள்: சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், மிஸ்ஸை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும், அவரவர் பிள்ளையின் பூவை அவரவர் கொண்டுவர வேண்டும்.

அந்த வாரம் முழுக்க சுடலைமணி கணக்குப் போட்டுப் பார்த்தான், எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான். பூவைச் செய்தது நான் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை தப்பிக்கும். சொன்ன மறுநிமிஷம், அப்படியானால் அது ஏன் அவளைப் பார்க்கிறது என்று கேட்பார்கள். கடை போகும், ஊர் சிரிக்கும், அதெல்லாம்கூடப் பரவாயில்லை, அவள் இனிமேல் திட்டுவதற்குக்கூட வரமாட்டாள். சொல்லாவிட்டால் அவளே இருக்கமாட்டாள்.

சனிக்கிழமை ஹாலில் மடியில் ஆளுக்கொரு சூரியகாந்தியோடும் பக்கத்தில் பிள்ளைகளோடும் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தனியாக ஒரு நாற்காலியில் ஜெபக்கனி மிஸ். மடியிலிருந்த பூக்களில் முக்கால்வாசி அவளைப் பார்த்தபடி இருந்ததால், யார் அவளைத் திட்ட வாயெடுத்தாலும் அவரவர் பூவின் முதுகைப் பார்த்துத்தான் திட்ட வேண்டியிருந்தது. தாளாளர், தங்கள் பள்ளியில் இப்படி ஒரு மாந்திரீகத்தை அனுமதிக்க முடியாது என்றும், மிஸ்ஸே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் கௌரவமாக இருக்கும் என்றும் சொன்னார். மிஸ் எழுந்தாள். இந்தப் பூக்களைப் பிள்ளைகள் செய்யவே இல்லை, கடையில் வாங்கியது, பிள்ளைகளின் பிரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள். அவ்வளவுதான், ஹால் பொங்கிவிட்டது. என் பிள்ளைதான் செய்தாள், கை வலிக்க வலிக்கச் செய்தாள், உளுந்தை ஒன்றொன்றாகப் பொறுக்கி ஒட்டினாள் என்று ஒவ்வொருவரும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மிஸ் சொன்னாள். ஆயா சந்தனமாரி போய்க் கூட்டிவந்தாள்.

சுடலைமணி ஹால் வாசலில் வந்து நின்றபோது அத்தனை ஹேர்பின் வாடிக்கையாளர்களும் அவனைப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்றால், வாயைத் திறந்தால் நாளையிலிருந்து உன் கடை நாங்கள் மிதிக்கமாட்டோம் என்று பார்த்தார்கள். அவன் மிஸ்ஸைப் பார்த்தான். அவள் அழுதிருந்தாள், அழுததைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்தக் கையைப் பார்த்தபோது அவனுக்கு வாய் திறந்துவிட்டது.

"பூவெல்லாம் நான் செஞ்சதுதான். இந்த மதினிமாரு பொய் சொல்லுதாக."

கூச்சல் அடங்க வெகுநேரமாயிற்று. தாளாளர் மேஜையைத் தட்டினார். இதுவரைக்கும் சுடலைமணி கணக்குப் போட்டு வைத்திருந்த அந்தக் கேள்வியை, இம்மி பிசகாமல், அவரே கேட்டார்.

"நீரு செஞ்சதா இருந்தா அது எதுக்குவே டீச்சரைப் பாக்கு?"

சுடலைமணி சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு பேப்பர் பிளேட் கொடுங்கள் என்றான். ஓவியர் மாதத்து மிச்சச் சாமான்கள் மூலையில் மேஜையில் கிடந்தன. அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் மஞ்சள் காகிதத்தை வெட்டினான், மடித்தான், பசையைக் கொஞ்சம் வழியவிட்டான், பழக்கதோஷத்தில் ஓரத்தில் கட்டைவிரல் ரேகையும் பதித்தான். உளுந்தைக் கொட்டி, குச்சியைக் கட்டி, ஒரு பாட்டிலில் நட்டுத் தரையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான். பூ கொஞ்சநேரம் சும்மா இருந்தது. பிறகு ஜெபக்கனி மிஸ்ஸைப் பார்த்துத் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது.

செய்தவர் மனசைத்தான் பூ பார்க்கிறது என்று ஒவ்வொருவருக்காக விளங்க ஆரம்பித்தது. விளங்க விளங்க, வீட்டில் செய்த பூக்களை மடியில் வைத்திருந்தவர்கள் அதை மெல்லக் கவிழ்த்தார்கள். பரோட்டா கடை அப்பாவை அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். வேன் டிரைவர் பூவைக் கொண்டுவந்திருந்த சித்தி, பூவோடு எழுந்து பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டாள். உஷா மட்டும் பூவைக் கவிழ்க்கவில்லை. ஆமாம், நான்தான் செய்தேன், என் வீட்டுக்காரரை நான் தேடாமல் யார் தேடுவார்கள் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். அந்த நேரம் பார்த்து ஆயா சந்தனமாரி, தாளாளர் பேரனுடைய பூவை யார் செய்தது என்று கேட்டாள். தாத்தாதான் உட்கார்ந்து செய்தார் என்று பேரன் பெருமையாகச் சொன்னான். எல்லாரும் பார்த்தார்கள். தாளாளர் மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூ அவரைப் பார்க்காமல், அவர் தலைக்குமேல், சுவரில் காந்திக்குப் பக்கத்தில் தொங்கிய அவருடைய படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தாளாளர் கூட்டம் முடிந்தது என்றார். மிஸ் எழுதிக் கொடுப்பதைப் பற்றி அதற்குப்பிறகு யாரும் பேசவில்லை.

எல்லாரும் கலையும்போது ஜெபக்கனி மிஸ் தரையில் உட்கார்ந்திருந்தவன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பம் இத்தன வருசமா இடது கையால செஞ்சுதான் ஊரை ஏமாத்துனியளா?"

"ஆமாங்க மிஸ்."

அவள் மூலை மேஜையிலிருந்து ஒரு பேப்பர் பிளேட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை சுடலைமணி கடையைத் திறக்கவில்லை. டின்னையும் திறக்கவில்லை, அது சர்ச்சுப் பக்கம் சுரண்டுகிறதா வேறெங்குமா என்று காது கொடுக்காமல் இருக்க ரேடியோவை அலறவிட்டான்.

திங்கள்கிழமை காலை ஷட்டரைத் தூக்கி, வளையல் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது டின் கடகடவென்று ஆடியது. எடைக்கல் உருண்டு கீழே விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான், ஜெபக்கனி மிஸ் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். கல்லா முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்தாள். இனிமேல் புராஜெக்ட் எல்லாம் வகுப்பில்தான், வெள்ளிக்கிழமை தோறும் கடைசிப் பீரியடு அவன் வந்து பிள்ளைகளுக்குக் கத்திரி பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தாளாளர் சரி என்றுவிட்டார், அவர் இப்போது எதற்கும் சரி என்கிறார். வலது கையால் சொல்லிக்கொடுக்க வேண்டும். இசக்கியம்மாளிடம் மட்டும் வாலாட்டக் கூடாது, அவளுக்குத் தெரியும், அவள் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். இவ்வளவையும் திட்டுகிற குரலிலேயே சொல்லி முடித்து, சுடலைமணி சரிங்க மிஸ் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பையிலிருந்து ஒரு பேப்பர் பிளேட் சூரியகாந்தியை எடுத்து, முகத்தைக் கவிழ்த்துக் கல்லாமேல் வைத்தாள்.

"இது நான் செஞ்சது. பசை ஒங்க கடைப் பசைதான், ஒழுங்கா நிக்குதான்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போய்விட்டாள். கொஞ்சநேரத்தில் மூன்றாம் வாய்ப்பாடு கடைவரைக்கும் கேட்டது.

சுடலைமணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். மறுபடியும் துடைத்தான். ஒரு பாட்டிலில் மணல் ரொப்பி, பூவைத் தொடப் பயந்து பயந்து எடுத்து நட்டு, கல்லா நடுவில் வைத்தான். இதழ் ஒவ்வொன்றும் ஒரே அளவு, பசை ஒரு சொட்டு வழியவில்லை, உளுந்து வட்டம் பிசகாமல் இருந்தது, வாத்திச்சி வேலை. நேரே நின்றால் எந்தப் பூவும் நம்மைப் பார்க்கிறமாதிரித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அவன் மெல்ல வளையல் பக்கம் நகர்ந்தான். பூ யோசித்தது. பிறகு, தப்பான விடை சொன்ன பையனைப் பார்க்கிறமாதிரி வேண்டாவெறுப்பாக, வளையல் பக்கம் திரும்பியது. அவன் பிளாஸ்டிக் பூக்களைத் தாண்டி ஹேர்பின் பக்கம் போனான். அது ஹேர்பின் பக்கம் வந்தது.

அந்த நேரம் கடைக்குள் வந்த ஒரு மதினி, நாளைக்கு ஒரு எரிமலை வேண்டும் என்று சொல்ல வந்தவள், கண்ணில் தண்ணியோடு கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த சுடலைமணியைப் பார்த்து, என்ன அண்ணாச்சி தேடுதிய என்று கேட்டாள்.

"ஒண்ணும் தேடல மதினி, பசை பிடிச்சிருக்கான்னு பாக்கேன். எரிமலைக்குப் பிள்ளைய அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, அவன் மறுபடியும் வளையல் பக்கம் போனான்.